பெயரை விட்டுக்கொடாதவர்: வஹீதா ரஹ்மானின் கலைவாழ்வும் நமக்குரிய பாடமும்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்திலுள்ள பாப்பாரப்பட்டியை, சுப்பிரமணிய சிவா தம் இறுதிக் காலத்தைக் கழித்த ஊர் என்றே தமிழுலகம் அறியும். 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் அவர் மறைந்ததும் இவ்வூரில்தான். ஆனால் இச்சுற்று வட்டாரத்து மக்களுக்கு இம்மண்ணோடு இன்னோர் உறவும் உண்டு. அது கூத்து. அறுவடை முடிந்த காலங்களில், திருவிழா நாள்களில், இரவு தொடங்கி விடியும்வரை ஊர்ப் பொதுவெளியில் ஆடப்படும் கலை அது. முகவீணையும் மிருதங்கமும் தாளமும் ஒலிக்க, கட்டியங்காரன் வந்து சபைக்கு வணக்கம் சொல்ல, வேடதாரிகள் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படுவர்.

கூத்துக் கலைஞரிடம் ஒரு சிறப்பு உண்டு. பாடுபவரும் அவரே; அடவு போட்டு ஆடுபவரும் அவரே; வசனம் பேசி நடிப்பவரும் அவரே. இசை, நடனம், நடிப்பு என்று நாம் இன்று மூன்றாகப் பிரித்துப் பேசுவதை அவர் ஓர் உடலில் ஒன்றாகச் சுமந்தார். எனினும் அக்களரியில் பெண்களுக்கு இடமிருந்ததில்லை. திரௌபதி வேடத்தையும் ஆணே கட்டினார். ஆடும் கலையில் வல்லவரை இரவெல்லாம் கண்கொட்டாமல் பார்த்த ஊர், பகலில் அவரைச் சற்றுத் தாழ்வாகவே நடத்தியது என்பதும் மறைக்க இயலாத உண்மை.

இவற்றையெல்லாம் இங்கு நினைவுகூரக் காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்துப் பெண்பிள்ளை, பதினோராம் வகுப்பு மாணவி, பள்ளி நாடகத்தில் நடித்துப் பரிசு பெற்றாள். தலையில் முக்காடு நழுவாமல் ஒரு மூதாட்டியாக நடித்திருந்தாள். அந்தப் புகைப்படம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கியதும், இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் பேச்சு எழுந்தது. சிலர் மகிழ்ந்தனர், சிலர் முகம் சுளித்தனர். அப்பிள்ளையின் தந்தை தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அப்போது ஒரு பெரியவர், “நம் சமுதாயத்துப் பெண் எவளாவது இந்த வழியில் போய் மானத்தோடு திரும்பியிருக்கிறாளா?” என்று கேட்டார். இன்னொருவர் வஹீதா ரஹ்மானின் பெயரைச் சொன்னார். “அவர் இந்திக்காரர் அல்லவா?” என்பதே வந்த மறுமொழி.

அந்த மறுமொழியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. வஹீதா ரஹ்மான் வட இந்தியர் அல்லர். அவர் பிறந்தது நம் செங்கல்பட்டில்.

செங்கல்பட்டில் ஒரு வீடு

1938ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் வஹீதா பிறந்தார். நான்கு சகோதரியரில் அவரே இளையவர். தந்தையார் முஹம்மது அப்துர் ரஹ்மான் ஓர் அரசு அதிகாரி, ஆணையராகப் பணியாற்றியவர். தாயார் மும்தாஜ் பேகம். தக்கணி முஸ்லிம் குடும்பம் அது. வீட்டுக்குள் உருதுவும் வீதியில் தமிழும் தெலுங்குமாக வாழும் அத்தகைய குடும்பங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும் ஏராளம். ஆகவே அவருடைய இளமைக்காலச் சூழல் நம்மில் பலருக்கு அந்நியமானதன்று.

தந்தையாரின் பணியிட மாற்றங்களால் குடும்பம் ஊர் ஊராகச் சென்றது. சென்னையில் இருந்தபோது வஹீதாவும் அவருடைய சகோதரி ஸயீதாவும் பரதநாட்டியம் கற்க விரும்பினர். அக்காலத்தில் அது எளிய விருப்பமன்று. கோயில்களோடும் தேவதாசி மரபோடும் பிணைந்திருந்த சதிர் என்னும் ஆட்டம், 1930களில்தான் பரதநாட்டியம் என்ற பெயரோடு கச்சேரி மேடைக்கு வந்திருந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவை நிறுவியது 1936இல். சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1947இல். பிற சமூகங்களின் உயர்குடிப் பெண்களே அப்போதுதான் தயங்கித் தயங்கி அக்கலையைக் கற்கத் தொடங்கியிருந்தனர். ஒரு முஸ்லிம் இல்லத்துச் சிறுமியர் சலங்கை கட்டுவதை உறவினர்கள் எவ்வாறு நோக்கியிருப்பர் என்று விளக்க வேண்டியதில்லை.

உறவினர்கள் குறை கூறியபோது அப்துர் ரஹ்மான் சாஹிப் கொண்ட நிலைப்பாட்டை வஹீதா பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். எந்தத் தொழிலும் தன்னளவில் இழிவானதன்று; அதில் ஈடுபடுபவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதே அதை உயர்த்தும் அல்லது தாழ்த்தும் என்பதே அவரது கருத்தின் சாரம். இதைச் சொன்னவர் ஒரு கலைஞரல்லர். கலையால் வருவாய் தேடியவருமல்லர். நான்கு பெண்மக்களுக்குத் தந்தை. அவருடைய சொல்லுக்கு எடை கூடுவது அதனால்தான்.

மறுபுறத்திலும் ஒரு தடை இருந்தது. நடன ஆசான் திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, முஸ்லிம் சிறுமிக்குக் கற்பிக்க முதலில் தயங்கினார். பின்னர், பெண்ணின் ஜாதகத்தைக் கொண்டுவருமாறு கேட்டார். நம் இல்லங்களில் ஜாதகம் எழுதும் வழக்கமில்லை அல்லவா? இல்லை என்ற விடை வந்ததும், பிறந்த நாளையும் நேரத்தையும் கேட்டுத் தாமே ஒன்றைக் கணித்துப் பார்த்தார். பின்பு அவளைத் தம் மாணவியாக ஏற்றுக்கொண்டார். ஜாதகத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு முதிய ஆசான், மறுப்பதற்கு இருந்த காரணத்தை விட்டுவிட்டு ஏற்பதற்கு ஒரு காரணத்தைத் தம் மரபுக்குள்ளேயே தேடிக்கொண்டார் என்பதை நாம் கவனிக்கத் தவறக் கூடாது.

குடும்பம் விசாகப்பட்டினத்தில் இருந்தபோது, அன்றைய தலைமை ஆளுநர் ராஜாஜி அங்கு வருகை தந்தார். அவர் முன்னிலையில் உள்ளூர்க் கலைஞர்களாக ஆடும் வாய்ப்பு அச்சகோதரியருக்குக் கிடைத்தது. ராஜாஜியோ நம் பகுதிக்காரர். அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலம் நகராட்சித் தலைவராகப் பணியாற்றியவர். ஆடிய சிறுமியர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் என்பது அவருக்கு வியப்பும் மகிழ்ச்சியும் அளித்தது.

தந்தையின் மறைவும் முதல் படங்களும்

வஹீதாவுக்குப் பதின்மூன்று வயதளவில் தந்தையார் மறைந்தார். மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய கனவாக இருந்தது. தாயாரின் உடல்நலக் குறைவும் குடும்பத்தின் பொருள்நிலையும் அக்கனவைத் தொடர விடவில்லை. குடும்பத்திற்கு அறிமுகமான ஒரு தயாரிப்பாளர் வழியாகத் தெலுங்குப் படத்தில் நடனமாடும் வாய்ப்பு வந்தது. தாபி சாணக்கியா இயக்கத்தில் 1955இல் வெளிவந்த அப்படத்தின் பெயர் ‘ரோஜுலு மாராயி’. ஜிக்கி பாடிய ஓர் உழவர் பாடலுக்கு வஹீதா ஆடிய நடனம் ஆந்திரமெங்கும் பேசப்பட்டது. அதே படம் ‘காலம் மாறிப் போச்சு’ என்ற பெயரில் 1956இல் தமிழில் வந்தபோதும் அவரே ஆடினார். அதே காலத்தில் என்.டி. ராமராவுடன் ‘ஜெயசிம்ஹா’ என்ற தெலுங்குப் படத்திலும் நடித்தார்.

இவ்விடத்தில் நம் வட்டாரத்திற்கு நேரடித் தொடர்புள்ள ஒரு செய்தி உண்டு. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், எம்.ஜி.ஆரையும் பானுமதியையும் கொண்டு 1956 பொங்கலுக்கு ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை வெளியிட்டது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. அப்படத்தில் ஒரு பாடலுக்கு ஆடியவர் வஹீதா ரஹ்மான். தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்றுதான் பிரிந்தது. அதுவரை பாப்பாரப்பட்டியும் சேலம் மாவட்டத்து ஊர். ஆகவே நம் மாவட்டத்துக் கலைக்கூடம் எடுத்த முதல் வண்ணப்படத்தில் ஒரு செங்கல்பட்டு முஸ்லிம் பெண் ஆடினார் என்பதே வரலாறு. “அவர் இந்திக்காரர் அல்லவா” என்ற கேள்விக்கு இதைவிட நெருக்கமான விடை நமக்குத் தேவையில்லை.

ஒப்பந்தத்தில் இரண்டு கோரிக்கைகள்

‘ரோஜுலு மாராயி’ பெற்ற வெற்றியின் ஆரவாரத்தினூடே, பம்பாயின் இயக்குநர் குரு தத் ஹைதராபாத்தில் வஹீதாவைச் சந்தித்தார். உருது பேசத் தெரிந்த, நடனம் அறிந்த ஒரு புதுமுகம் அவருக்குத் தேவையாக இருந்தது. தாயுடன் பம்பாய் சென்ற வஹீதாவுக்கு அப்போது வயது பதினேழு. சட்டப்படி கையெழுத்திடும் வயது வராததால் தாயாரே கையெழுத்திட வேண்டியிருந்தது.

ஒப்பந்தம் பேசும்போது, ‘சி.ஐ.டி.’ படத்தின் இயக்குநர் ராஜ் கோஸ்லா, வஹீதா ரஹ்மான் என்ற பெயர் நீளமானது, கவர்ச்சியற்றது, ஆகவே மாற்றிவிடலாம் என்றார். அது வழக்கத்திற்கு மாறான யோசனையன்று. யூசுஃப் கான் திலீப் குமார் ஆகியிருந்தார். மஹ்ஜபீன் பானு மீனா குமாரி ஆகியிருந்தார். மும்தாஜ் ஜெஹான் மதுபாலா ஆகியிருந்தார். பெரும் புகழ் பெற்ற அனைவரும் மாற்றிக்கொண்டபோது உனக்கென்ன தடை என்பதே கேள்வி.

இப்பெயர் என் பெற்றோர் எனக்குச் சூட்டியது; இதை மாற்ற மாட்டேன் என்றார் அப்பெண்.

பெயரை மாற்றிக்கொண்டோரை நாம் இங்குக் குறைகூற வரவில்லை. அவரவர்க்கு அவரவர் சூழல். ஆனால் வஹீதாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். தந்தை இல்லை. கையில் பெரும் பொருளில்லை. ஊர் புதிது. எதிரே அமர்ந்திருந்தவர்கள் துறையில் வேரூன்றியவர்கள். மறுத்தால் வாய்ப்பே கைநழுவிப் போகலாம். ‘வஹீதா’ என்ற அரபுச் சொல்லுக்கு ஒப்பற்றவள், தனித்தவள் என்று பொருள். ‘ரஹ்மான்’ என்பதோ அருளாளனாகிய அல்லாஹ்வின் திருநாமம். அந்த அருளாளனின் அடியான் என்ற பொருளில் தந்தை தாங்கியிருந்த பெயரின் பகுதி. மறைந்த தந்தை விட்டுச்சென்ற உடைமைகளில் மகளிடம் எஞ்சியிருந்தது அப்பெயர். அதை அவர் விலைபேசவில்லை.

அத்தோடு நிற்கவில்லை. ஒப்பந்தத்தில் தம் பங்குக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டார். தமக்கு உடன்பாடில்லாத உடையை அணியமாட்டார் என்பதே அவ்வரி. புதுமுகம் ஒருத்தி நிபந்தனை விதிப்பதா என்று எதிரே இருந்தவர்கள் திகைத்தனர். குரு தத் சில நாள்கள் யோசித்துப் பின் இசைந்தார். தாயார் கையெழுத்திட்டார். எழுதியது வெறும் ஏட்டுச் சுரைக்காயாக நிற்கவில்லை. படப்பிடிப்புத் தளத்தில் உடை தமக்கு ஒவ்வாதபோது வஹீதா அந்த வரியைச் சுட்டி மறுத்தார்.

1956இல் ‘சி.ஐ.டி.’ வெளிவந்தது. திரையில் தோன்றிய பெயர், செங்கல்பட்டில் வைத்த அதே பெயர்.

நடித்த பாத்திரங்களும் வாழ்ந்த நிலையும்

அடுத்த ஆண்டு வந்த ‘பியாசா’வில் அவருக்குப் பாலியல் தொழிலாளி வேடம். அடுத்தடுத்த ஆண்டுகளில் ‘காகஸ் கே பூல்’, ‘சௌத்வீன் கா சாந்த்’, ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’ ஆகியவை வந்தன. 1959இல் வெளியான ‘காகஸ் கே பூல்’ இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். அன்று பெருந்தோல்வி, இன்று பெருமைக்குரிய படைப்பு. 1960இல் வந்த ‘சௌத்வீன் கா சாந்த்’ லக்னோ நகரத்து முஸ்லிம் வாழ்வைக் களமாகக் கொண்டது. பர்தாவின் ஊடே ஒரு கணம் கண்ட முகத்தால் நண்பர்களின் வாழ்வு புரள்வதே அதன் கதை. 1962இல் சத்யஜித் ராயின் ‘அபிஜான்’ என்ற வங்காளப் படத்திலும் அவர் நடித்தார்.

நடிப்பும் நடனமும் அவரிடம் முழுமையாக இணைந்தது 1965இல், ‘கைடு’ படத்தில். தமிழரான ஆர்.கே. நாராயண் எழுதி சாகித்திய அகாதமி விருது பெற்ற ஆங்கில நாவலின் திரைவடிவம் அது. தேவதாசி குலத்தில் பிறந்து, மதிப்பான வாழ்வு வேண்டி ஓர் ஆய்வாளருக்கு மணமுடிக்கப்பட்டு, நடனம் தடுக்கப்பட்டதால் நொறுங்கிப்போகும் ரோஸி என்ற பெண்ணாக வஹீதா நடித்தார். கணவனைப் பிரியும் பெண்ணாக நடித்தால் பார்வையாளர் வெறுப்பர் என்று பலர் எச்சரித்தனர். அவர் நடித்தார்; சிறந்த நடிகைக்கான ஃபிலிம்பேர் விருதும் பெற்றார். ரோஸியின் மனமாற்றங்களைப் பேச்சைவிட நடனமே சொல்கிறது. பாடியவர் லதா மங்கேஷ்கர், இசை எஸ்.டி. பர்மன். குரல் பிறருடையதாயினும் தாளம் வஹீதாவின் உடலில் இருந்தது. சென்னையில் முதிய ஆசானிடம் பெற்ற பயிற்சி அது.

அதற்கடுத்த ஆண்டு வெளிவந்த ‘தீஸ்ரி கஸம்’ நம் கூத்துக் களரியை நினைவூட்டும் படம். பணீஷ்வர்நாத் ரேணுவின் கதை. பாடலாசிரியர் ஷைலேந்திரா தயாரித்தது. அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. வட இந்தியச் சிற்றூர்களில் இரவில் நடக்கும் நௌடங்கி என்ற ஆடல் பாடல் நாடகத்தில் நடிக்கும் ஹீராபாய் என்ற பெண்ணை ஒரு வண்டிக்காரன் தன் மாட்டுவண்டியில் ஏற்றிச் செல்கிறான். அவளைத் தூயவளாக மதிக்கிறான். ஊராரோ அவளைக் கண்டு களிக்கின்றனர். பின் இழிவாகப் பேசுகின்றனர். அவன் அவளுக்காகச் சண்டையிடுகிறான். அவன் தன்மீது வைத்த மதிப்பைத் தன் வாழ்வு தாங்காது என்று அவள் விலகிச் செல்கிறாள். கலையை விரும்பிக் கலைஞரை இகழும் நம் ஊர்களின் வழக்கத்தை இதைவிட மென்மையாக எடுத்துக்காட்டிய கதை அரிது.

இங்கு ஒரு கேள்வி எழும். ஒழுக்கம் தவறிய பெண்ணாகவும், கணவனைப் பிரிந்தவளாகவும் நடித்தவரை நாம் எவ்வாறு போற்றுவது? பாத்திரம் வேறு, அதை ஏற்றவர் வேறு என்பதே விடை. கூத்தில் துச்சாதனன் வேடம் கட்டியவரை விடிந்தபின் யாரும் துச்சாதனன் என்று விரட்டுவதில்லை.

1968இல் வந்த ‘நீல் கமல்’ படத்திற்கு மீண்டும் ஃபிலிம்பேர் விருது. 1971இல் வந்த ‘ரேஷ்மா அவுர் ஷேரா’ படத்திற்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. 1972இல் பத்மஸ்ரீ. 1974இல் மணவாழ்வு தொடங்கியபின் பெங்களூருவில் பல்லாண்டு வசித்தார். கதாநாயகியாக இருந்தவர் தயக்கமின்றித் தாய் வேடத்துக்கும் பாட்டி வேடத்துக்கும் மாறினார். 2006இல் ‘ரங் தே பஸந்தி’யில் மகனை இழந்த தாய், 2018இல் தமிழிலும் வந்த ‘விஸ்வரூபம் 2’இல் மறதி நோயுற்ற முதிய தாய். 2011இல் பத்மபூஷண் வந்தது. 2021ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதை 2023 அக்டோபர் 17 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர்கள் வழங்கியபோது வஹீதாவுக்கு வயது எண்பத்தைந்து. மேடையில் அழைக்கப்பட்ட பெயரில் ஓரெழுத்தும் மாறவில்லை.

நம் வரலாற்றில் கலைக்கு இடமில்லையா?

கலைக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். 1807இல் நபி சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றை ‘இராஜநாயகம்’ என்னும் காப்பியமாகப் பாடிய வண்ணக்களஞ்சியப் புலவரே ‘அலி பாதுஷா நாடகம்’ என்ற நாடகத்தையும் இயற்றினார். ஒரே புலவரின் எழுத்தாணி இரண்டையும் எழுதியது. நம் காலத்திலும், ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா சாஹிப் நாகசுரத்தில் சங்கீத கலாநிதி விருதுவரை உயர்ந்தார். தொழுகையையும் விடவில்லை, இசையையும் விடவில்லை.

மார்க்கத்தில் இசை, ஆடல் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு நெடுங்காலமாக உண்டு. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. எனினும் எல்லோரும் அறிந்த இரு நிகழ்ச்சிகளை நினைவூட்டலாம். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்தபோது அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தார்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, அவர்களை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மறுமொழி கூறினார்கள். அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னையார் பார்த்து நிறைவடையும்வரை நபியவர்கள் அவரை மறைத்தபடி நின்றார்கள். இவை ஸஹீஹான நூல்களில் உள்ளவை. இவற்றிலிருந்து எல்லாமே ஆகும் என்று முடிவுசெய்வது தவறு. எதுவுமே ஆகாது என்று முடிவுசெய்வதும் அவ்வாறே.

வஹீதாவின் வாழ்வு முழுவதையும் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு முன்மாதிரியாக நாம் நிறுத்தவில்லை. திரைத்துறையின் பல கூறுகள் நமக்கு உவப்பானவை அல்ல என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு துறைக்குள் நுழைபவர் எல்லாவற்றையும் இழந்தே நுழைய வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். நுழையாமல் இருப்பதே ஒரே காப்பு என்று நாமும் எண்ணுகிறோம். அப்பதினேழு வயதுப் பெண்ணோ வாசலில் நின்று, எதை விடமாட்டேன் என்பதை முதலில் சொன்னார். அதை எழுத்தில் பெற்றார். பின்னரே உள்ளே சென்றார். இது திரைக்கு மட்டும் உரிய பாடமன்று. ஓசூர், பெங்களூரு ஆலைகளுக்கும் கணினி நிறுவனங்களுக்கும் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் தொழுகை நேரத்துக்கும் உடைக்கும் பெயருக்கும் நாள்தோறும் சந்திக்கும் கேள்வியும் இதுவே. வேலை கிடைக்குமுன் கேட்கத் துணியாதவர், கிடைத்தபின் கேட்பது அரிது.

அத்துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? மற்றவர் பேச்சுக்கு அஞ்சாமல் மகளின் பக்கம் நின்ற ஒரு தந்தையிடமிருந்து வந்தது என்றே நாம் கருதுகிறோம். வீட்டில் மறுக்கப்பட்ட பிள்ளை வெளியே யாரையும் மறுக்கும் வலிமை பெறுவதில்லை. வீட்டில் நம்பப்பட்ட பிள்ளைக்கே, வெளியே ‘இது முடியாது’ என்று சொல்லும் குரல் இருக்கும்.

பள்ளிவாசல் திண்ணையில் தலைகுனிந்து அமர்ந்திருந்த அந்தத் தந்தையிடம் இவ்வரலாற்றை நாம் சொன்னோம். முழுவதும் கேட்டுக்கொண்டார். நடனம் குறித்தோ விருதுகள் குறித்தோ அவர் எதுவும் கேட்கவில்லை. “அந்த அத்தா சொந்தக்காரர்களுக்குச் சொன்ன பதிலை மட்டும் இன்னொருமுறை சொல்லுங்கள்” என்றார். சொன்னோம். அவர் என்ன முடிவெடுப்பார் என்பது அவருக்கும் அவர் இல்லத்தாருக்கும் உரியது. அடுத்த ஆண்டும் பள்ளியில் நாடகம் உண்டு. அப்பிள்ளை மேடையேறினாலும் ஏறாவிட்டாலும், அவளைப் பற்றித் திண்ணையில் பேசுமுன் அவளிடமே ஒரு வார்த்தை கேட்போம் என்று நம் ஜமாஅத்தின் பெரியவர்களை அன்போடு வேண்டுகிறோம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.